இறக்குமதி ஆஃப்-ரோடு கேரவன்: ஆஸ்திரேலியாவில் முதல்முறை வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு நிற்கும் ஆஃப்-ரோடு கேரவன்கள், அதாவது கரடுமுரடான சாலையிலும் காரில் மாட்டி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகள், எல்லாம் இந்த மண்ணில் கட்டப்பட்டவை அல்ல. சீனாவிலிருந்து முழு வண்டியாகவே கண்டெய்னரில் வந்து இறங்குபவை உண்டு. தென்னாப்பிரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருபவையும் உண்டு. இறக்குமதி என்பதற்காகவே ஒரு வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. நேர்த்தியாக வெல்டிங் செய்து, முழு சேஸிஸையும் கால்வனைஸ் தொட்டியில் முக்கியெடுத்த இறக்குமதி வண்டிகளும் இருக்கின்றன. உள்ளூர்ப் பெயர்ப்பலகை மாட்டி அவசரத்தில் கட்டியவையும் இருக்கின்றன.

வேறுபாடு தெரிவது வண்டி பழுதாகும்போதுதான். தொழிற்சாலை வேறு நாட்டில் இருக்கிறது; உதிரிபாகம் அங்கிருந்து வர வேண்டும்; அங்கே போட்ட வயரிங்கின் வரைபடம் இங்கே யாரிடமும் இருக்காது. அதனால் வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே, அதை இந்த நாட்டுக்குள் கொண்டுவந்தவர் யார் என்று பார்த்துவிட வேண்டும்.

முதலில் இறக்குமதியாளரைப் பாருங்கள்

ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தில் புதியவர்கள் பலர் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது. தயாரிப்பாளருக்கு ஆஸ்திரேலியாவில் அலுவலகம் இல்லையென்றால், பொருளை இறக்குமதி செய்தவரையே சட்டம் தயாரிப்பாளராகக் கருதுகிறது. "அது சீனத் தொழிற்சாலையின் தவறு, அவர்கள் பதில் சொல்லட்டும்" என்று இறக்குமதியாளர் கைகழுவ முடியாது. ஆனால் அந்த நிறுவனமே மூடப்பட்டுவிட்டால் உங்கள் உரிமை காகிதத்தில்தான் இருக்கும். ஆஸ்திரேலியாவின் போட்டி, நுகர்வோர் ஆணையமான ஏசிசிசி 2022 ஜூலையில் புதிய கேரவன் விற்பனை பற்றி வெளியிட்ட அறிக்கையில், கருத்துக் கணிப்பில் பதிலளித்தவர்களில் 80 சதவீதம் பேர் தங்கள் வண்டியில் ஏதோ ஒரு கோளாறு வந்ததாகச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கணிப்பு உள்ளூர் வண்டிகளையும் சேர்த்து எடுத்ததுதான். ஆகவே கோளாறு வரும் என்றே வைத்துக்கொண்டு, வந்தால் யார் சரிசெய்வார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

விற்பவரின் ஏபிஎன் எண்ணை (ஆஸ்திரேலிய வணிகப் பதிவு எண்) வாங்கி, அரசின் ஏபிஎன் தேடல் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், கட்டணம் இல்லை. எந்த ஆண்டில் பதிவானது, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். விளம்பரத்தில் "பதினைந்து ஆண்டு அனுபவம்" என்றிருந்து, பதிவு போன வருடம்தான் என்றால் காரணத்தைக் கேளுங்கள். பெயர் மாற்றம், புதுப் பங்குதாரர் என்று நியாயமான பதில் வரலாம். பழைய நிறுவனம் கடனில் மூழ்கிப் புதுப் பெயரில் எழுந்ததாகவும் இருக்கலாம்.

அடுத்து உதிரிபாகம். "எல்லாம் கிடைக்கும்" என்ற பதிலை ஏற்காதீர்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள். வீல் பேரிங் எண் என்ன? பிரேக் மேக்னெட் என்ன அளவு? ஜன்னல் கண்ணாடி யாருடையது, உடைந்தால் இங்கே கிடைக்குமா, கப்பலில் வர வேண்டுமா? கதவுப் பூட்டு, பம்ப், கட்டுப்பாட்டுப் பேனலின் சர்க்யூட் போர்டு? பேரிங் எண்ணைக் குறித்துக்கொண்டு ஏதாவது ஒரு பேரிங் கடைக்குப் போன் செய்யுங்கள். "அது இங்கே ஓடும் சைஸ்தான்" என்று அவர்கள் சொன்னால் பாதிக் கவலை தீர்ந்தது. கேரவன்களில் பிற இடமெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஹப்பும் பிரேக்கும் உள்ளூரில் கிடைக்காத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வாரண்டி வேலையை யார் செய்வார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பெர்த்தில் இருக்கும் நீங்கள் ஒவ்வொரு பழுதுக்கும் வண்டியைப் பிரிஸ்பேனுக்கு இழுத்துப்போக முடியாது.

"ஆஃப்-ரோடு" என்ற சொல்லை நம்பி வாங்காதீர்கள்

செமி ஆஃப்-ரோடு, ஆஃப்-ரோடு, ஃபுல் ஆஃப்-ரோடு என்ற பெயர்களுக்குச் சட்டத்தில் வரையறை இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைப்பவை அவை. வாரண்டிப் புத்தகத்தை வாங்கும் முன்பே கேட்டு, விலக்குகள் உள்ள பக்கத்தை முதலில் படியுங்கள். "பராமரிக்கப்பட்ட மண் சாலைகளில் மட்டும்" என்று ஒரே ஒரு வரி இருந்தால் போதும், நீங்கள் எந்தப் பயணத்துக்காக வாங்குகிறீர்களோ அதற்கு வாரண்டி கிடையாது.

இதற்கு ஒரே மருந்து, நீங்கள் போக நினைக்கும் தொலைதூர மண் சாலைகளின் பெயர் சொல்லிக் கேட்பது. "கிப் ரிவர் ரோடு, ஊட்னடாட்டா டிராக், பேர்ட்ஸ்வில் டிராக் ஆகியவற்றில் இந்த மாடலை இழுத்துச் சென்றால் வாரண்டி நீடிக்குமா?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள். கிப் மட்டுமே சுமார் 660 கிலோமீட்டர். மழைக்காலத்துக்குப் பிறகு கிரேடர் ஓட்டிச் சமன்செய்யாத பகுதிகளில் சாலை, கூரைத் தகடு போல நெளிந்து நெளிந்து கிடக்கும். அந்த அதிர்வு மணிக்கணக்கில் வண்டியின் ஒவ்வொரு நட்டையும் திருகையும் கழற்றப் பார்க்கும். பெரிய பள்ளத்தில் ஒருமுறை விழுவதைவிட இந்த இடைவிடாத நடுக்கம்தான் இறக்குமதி வண்டிகளின் பலவீனத்தை வெளியே கொண்டுவருகிறது.

காகிதங்கள்: வின் எண்ணிலிருந்து தொடங்குங்கள்

சாலை வாகனத் தரநிலைச் சட்டம் 2018, 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஆஸ்திரேலியாவில் முதல்முறை விற்கப்படும் சாலை வாகனம், டிரெய்லர் உட்பட, அங்கீகரிக்கப்பட்ட வாகனப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். சுருக்கமாக ஆர்ஏவி என்பார்கள். வின் எனப்படும் 17 எழுத்து வாகன அடையாள எண்ணைக் கொண்டு யாரும் அதில் தேடலாம். புது வண்டியின் வின் அங்கே இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய சட்டத்திலிருந்து புதியதற்கு மாறச் சில காலம் கொடுக்கப்பட்டதால், அந்த இடைக்காலத்தில் வந்த வண்டிகளிலும் அதற்கு முந்தியவற்றிலும் வின்னும் எடை விவரமும் அச்சிட்ட பழைய முறைத் தகவல் தட்டு மட்டுமே இருக்கலாம். அதில் தவறில்லை. ஆனால் அன்றைய முறையில் 4.5 டன்னுக்கு உட்பட்ட டிரெய்லர்களுக்குத் தயாரிப்பவரோ இறக்குமதியாளரோ தாமே சான்றளித்துத் தட்டடித்தார்கள். எனவே தட்டில் இருப்பதை நீங்களே சரிபார்க்க வேண்டும்.

வின்னின் முதல் எழுத்து L என்றால் சீனா, A என்றால் தென்னாப்பிரிக்காவாக இருக்கக்கூடும், 6 என்றால் ஆஸ்திரேலியா. 6-இல் தொடங்குவதால் மட்டும் இங்கே கட்டியது என்று முடிவுகட்டாதீர்கள். அந்த எண், எண்ணை யார் பெயரில் வாங்கினார்கள் என்பதைத்தான் காட்டுகிறது.

பழைய வண்டி வாங்குபவர் வின் எண்ணை மூன்று இடத்தில் ஒப்பிட வேண்டும்: சேஸிஸில் கொத்தியது, தட்டில் அச்சிட்டது, பதிவுச் சான்றில் இருப்பது. சேஸிஸில் கொத்திய எண் பெரும்பாலும் டிராபாரின் (காரோடு இணைக்க முன்னால் நீளும் இரும்புச் சட்டம்) முன்பக்கத்தில் இருக்கும். மண்ணும் பெயிண்டும் மூடியிருந்தால் துடைத்துப் பாருங்கள். தட்டின் ரிவெட்டுகள் புதிதாகவும் தட்டு பழையதாகவும் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பிறகு பிபிஎஸ்ஆர் எனப்படும் அடமானப் பதிவேட்டில் தேடல். வண்டி மேல் கடன் இருக்கிறதா, திருடப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறதா என்று காட்டும். அரசின் தளத்தில் கட்டணம் 2 டாலர். இடைத்தரகுத் தளங்கள் இதே தகவலுக்குப் பல மடங்கு வாங்குகின்றன. பணம் கொடுக்கும் நாளிலேயே தேடி, சான்றைச் சேமித்துவையுங்கள். போன வாரம் தேடியது இன்றைக்கு உதவாது. கடனோடு வந்த வண்டியை நீங்கள் வாங்கிவிட்டால், கடன் கொடுத்தவர் உங்கள் வீட்டு வாசலிலிருந்தே அதை எடுத்துப்போகலாம்.

அரசின் வாகன ரீகால் தளத்திலும் அந்தப் பிராண்டைத் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

குவீன்ஸ்லாந்தில் ஏடிஎம் (எல்லாம் ஏற்றிய டிரெய்லரின் அதிகபட்ச எடை) 750 கிலோவுக்கு மேல் 3.5 டன் வரையுள்ள பதிவான டிரெய்லரை விற்பவர் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுக்க வேண்டும்; கேஸ் பொருத்திய கேரவனுக்குக் கேஸ் சான்றும் வேண்டும். மற்ற மாநிலங்களில் விதி மாறுகிறது. வண்டியை எந்த மாநிலத்தில் பதியப்போகிறீர்களோ அந்த மாநிலப் போக்குவரத்துத் துறையின் பட்டியலைப் பாருங்கள். விற்பவர் இருக்கும் மாநிலத்துடையதை மட்டும் பார்த்துவிட்டு நிற்காதீர்கள்.

எடைக் கணக்கு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். வாங்கியவர்கள் பின்னால் அதிகம் வருந்துவது இங்கேதான்.

டேர் என்பது காலி வண்டியின் எடை. ஏடிஎம் என்பது எல்லாம் ஏற்றி, காரிலிருந்து கழற்றி நிறுத்தும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடை. காரில் மாட்டியபின் கேரவனின் சக்கரங்கள் மீது இறங்கக்கூடிய அதிகபட்சப் பாரம் ஜிடிஎம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காரின் கொக்கியில் இறங்குகிறது. அதுதான் பால் வெயிட். இங்கே வழக்கமாக அது மொத்த எடையில் 10 சதவீத அளவில் இருக்கும். ஐரோப்பிய வண்டிகள் இதைவிடக் குறைவாக வைத்து வடிவமைக்கப்படுகின்றன.

தட்டில் டேர் 2320, ஏடிஎம் 2900 என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். ஏற்றக்கூடியது 580 கிலோ. கேட்கத் தாராளமாக இருக்கிறது. 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டு நிரப்பினால் 200 கிலோ போயிற்று, மிச்சம் 380. நிரம்பிய 9 கிலோ கேஸ் சிலிண்டர் இரண்டு, சிலிண்டரின் சொந்த எடையோடு சுமார் 36, மிச்சம் 344. கூடுதல் லித்தியம் பேட்டரி 25, இரண்டு சைக்கிளும் அதன் தாங்கியும் 50, சிறு ஜெனரேட்டரும் எரிபொருளும் 38, மிச்சம் 231. இன்னும் துணி, பாத்திரம், உணவு, நாற்காலி, கருவிப்பெட்டி, இரண்டாவது ஸ்பேர் டயர் எதுவும் ஏறவில்லை. இப்போது வண்டியை எடை மேடையில் ஏற்றிப் பார்த்தால், உண்மையான டேர் தட்டில் உள்ளதைவிட 100 கிலோ கூடுதல் என்று தெரிகிறது. மாதிரி வண்டியை எடைபோட்டு அச்சடித்த தட்டை, பின்பு ஏர்கண்டிஷனரும் ஆனிங் பந்தலும் கூடுதலாகப் பொருத்திய வண்டிக்கும் ஒட்டிவிட்டால் இப்படித்தான் ஆகும். நான்கு பேர் குடும்பத்துக்கு மிஞ்சுவது 131 கிலோ.

ஆகவே பணம் முழுதும் கொடுக்கும் முன் எடைச் சீட்டு கேளுங்கள். அந்த வின் எண் கொண்ட வண்டியின் சீட்டு, அதே மாடலின் சீட்டு அல்ல. கேஸ் சிலிண்டர் சேர்த்து எடை போட்டதா, தொட்டி காலியா என்றும் எழுதி வாங்குங்கள்.

இதே உதாரணத்தில் பால் வெயிட் 290 கிலோ என்றால், ஜிடிஎம் 2610. இதிலிருந்து மூன்று சட்டத் தேவைகள் வருகின்றன. ஜிடிஎம் 2000 கிலோவைத் தாண்டுவதால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். கேரவன் காரைவிட்டுக் கழன்றுபோனால் தானே பிரேக் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் பிடித்தபடி நிற்கும் பிரேக்அவே அமைப்பும் வேண்டும். ஏடிஎம் 2500-ஐத் தாண்டுவதால் பாதுகாப்புச் சங்கிலி இரண்டு. ஐரோப்பாவில் வழக்கமான, கேரவன் முன்னால் தள்ளும் விசையில் இயங்கும் ஓவர்ரன் பிரேக் 2000 கிலோவுக்கு மேல் இங்கே செல்லாது. மின்சார பிரேக் என்றால் அதன் கன்ட்ரோலரை உங்கள் காரில் பொருத்த வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

டயரையும் இதே கையோடு சரிபாருங்கள். ஒற்றை அச்சு வண்டியில் 2610-ஐ இரண்டால் வகுத்தால் டயருக்கு 1305 கிலோ. டயரின் பக்கச் சுவரில் லோடு இண்டெக்ஸ் 112 என்றிருந்தால் அது 1120 கிலோதான் தாங்கும். 118 என்றால் 1320. 121 என்றால் 1450. மண் சாலைக்கு 118 வெறும் விளிம்பு, 121 இருந்தால் நிம்மதி. இரட்டை அச்சில் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. டயரின் பக்கச் சுவரிலேயே DOT (டாட்) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். "புது" வண்டி என்கிறார்கள், டயர் நான்கு வயது என்றால், வண்டி எங்கோ யார்டில் வெயிலில் நின்றிருக்கிறது.

உங்கள் கார் 3500 கிலோ இழுக்கும் என்று விளம்பரம் சொன்னாலும், அந்த 290 கிலோ காரின் மேல்தான் இறங்குகிறது. காரின் ஜிவிஎம் அளவில் (எல்லாம் ஏற்றிய காரின் அதிகபட்ச எடை) ஆட்கள், புல்பார், கூரைத் தாங்கி எல்லாம் போக இதற்கு இடமிருக்கிறதா? காரும் கேரவனும் சேர்ந்த எடைக்கும் ஜிசிஎம் என்று ஒரு மேல்வரம்பு உண்டு. இரண்டும் காரின் கையேட்டில் இருக்கும்.

வண்டிக்கு அடியில்

பழைய கோட்டு, கார்ட்போர்டு, நல்ல டார்ச், கம்பி பிரஷ் ஆகியவற்றோடு போங்கள். கீழே படுத்துப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் மேலே பார்க்கவும் வேண்டாம்.

டிராபார் முக்கோணமாக வந்து சேஸிஸின் நீள் தண்டுகளோடு சேரும் இடத்திலிருந்து தொடங்குங்கள். இழுவிசை முழுவதும் இந்த இடம் வழியாகத்தான் போகிறது. டிராபார் தண்டுகள் முன் விளிம்போடு நின்றுவிடாமல் சேஸிஸுக்கு அடியில் பின்னோக்கி நீண்டு, முடிந்தால் சஸ்பென்ஷன் வரை, போயிருக்க வேண்டும். வெல்டிங் பூத்தையல் போல ஒரே சீராக இருக்கிறதா, இடையில் விட்டுவிட்டு இருக்கிறதா? வெல்டிங்கின் ஓரத்தில் இரும்பையே அரித்தது போன்ற பள்ளம் இருந்தால் அந்த இடத்தில் உலோகம் மெலிந்திருக்கிறது. சாம்பல் கால்வனைஸ் பரப்பின் நடுவே ஒரு மூட்டில் மட்டும் பளபளவென்று வெள்ளி ஸ்பிரே பெயிண்ட் இருந்தால், அங்கே பின்னாளில் யாரோ வெல்டிங் வைத்திருக்கிறார்கள். என்ன உடைந்தது, யார் ஒட்டியது என்று கேளுங்கள்.

அடுத்து சஸ்பென்ஷன் ஆர்ம் சேஸிஸில் தொங்கும் பிராக்கெட். பழைய வண்டியில் இதைப் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்தபின் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். தலைமுடி அளவில் ஒரு கோடு, அதிலிருந்து துருநீர் கண்ணீர்போல வழிந்த பழுப்புத் தடம். விரிசலின் அடையாளம் அதுதான். நேராக ஒளி அடித்தால் கண்ணுக்குத் தெரியாது.

ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு, புஷ் ரப்பர் பிதுங்கியிருப்பது, டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பது ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியது அலைன்மென்ட் கெட்டதைக் காட்டுகிறது. சரிசெய்ய முடிகிற ஆர்ம் என்றால் பெரிய செலவில்லை, சரிசெய்ய வழியில்லாத ஆர்ம் என்றால் வளைந்துவிட்டது. தண்ணீர்க் குழாய், கேஸ் குழாய், சாக்கடை வால்வு ஆகியவை சேஸிஸின் அடிமட்டத்துக்குக் கீழே தொங்குகின்றனவா என்று பாருங்கள். தொங்கினால் முதல் கல்லிலேயே போய்விடும். தொட்டிகளுக்குக் கல்தடுப்புத் தகடு உண்டா?

கண்டெய்னரில் வந்த வண்டிகளில் ஒரு கூடுதல் விஷயம். 40 அடி நீள ஹை-கியூப் (உயரம் கூடிய) கண்டெய்னரின் கதவு அகலம் சுமார் 2.34 மீட்டர், உயரம் 2.58 மீட்டர். அதற்குள் நுழைக்கச் சக்கரத்தைக் கழற்றியோ சஸ்பென்ஷனைத் தாழ்த்தியோ ஏற்றுவதுண்டு. இங்கே யார்டில் மறுபடி பூட்டுகிறார்கள். அப்படிப் பூட்டியதை யார் சரிபார்த்தார் என்று கேளுங்கள், டார்க் அளவு, அதாவது போல்ட்டுகளை எவ்வளவு இறுக்கினார்கள் என்பது, எழுதிய தாளையும் கேளுங்கள். கண்டெய்னர் இல்லாமல் கப்பல் தளத்தில் வந்த வண்டியென்றால் உப்புக்காற்று பட்டிருக்கும். அடிப்பக்க போல்ட்டுகளில் துரு இருக்கிறதா பாருங்கள்.

ஓதமும் தூசியும்

கேரவனைக் கொல்வது தண்ணீர். ஈரம் அளக்கும் சிறு மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மரச் சட்டத்தில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் உள்ளே ஊறியிருக்கிறது. ஜன்னல் மூலைகள், கூரை ஹேட்சைச் சுற்றி, முன் பெட்டியின் அடித்தளம், கட்டிலுக்குக் கீழே, சக்கர வளைவின் மேல் பகுதி ஆகிய இடங்களில் வையுங்கள். ஜன்னலின் கீழ் மூலையில் கட்டைவிரலால் அழுத்துங்கள். சுவர் விரலுக்கு இடம்கொடுத்தால் பேனலின் தோலும் உள்நுரையும் பிரிந்துவிட்டன. நல்ல பேனல் தட்டினால் கெட்டியாக ஒலிக்கும். பிரிந்த இடம் பொத்தென்று கேட்கும். ஃபைபர்கிளாஸ் சாண்ட்விச் பேனலில் மரமே இல்லை, ஓதம் வராது என்பார்கள். திருகு அடிப்பதற்காகப் பல இடங்களில் உள்ளே மரத்துண்டு புதைக்கிறார்கள். ஓதம் அங்கேதான் தொடங்குகிறது.

தூசிக்கு ஒரு எளிய சோதனை உண்டு. எல்லா ஜன்னலையும் மூடி, கூரை ஹேட்ச் வழியே இலை ஊதும் பிளோயரால் காற்றை உள்ளே செலுத்துங்கள். வெளியே சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். குமிழி வரும் இடமெல்லாம் தூசி வரும் வழி. கதவின் அடிவிளிம்பு, ஃபிரிட்ஜ் காற்றுத்துளை, அடுப்பின் புகைபோக்கி, தரையில் குழாய் இறங்கும் ஓட்டைகள் ஆகியவை வழக்கமான இடங்கள்.

கதவு எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். இங்கே அது இடப்பக்கம் அல்லது பின்பக்கம் இருக்க வேண்டும். வலப்பக்கச் சாலைகளுக்குக் கட்டிய ஐரோப்பிய, அமெரிக்க வண்டிகளில் கதவு பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும். அதை மாற்றுவது சுவரையே வெட்டும் வேலை.

மின்சாரமும் கேஸும்

240 வோல்ட் பகுதிக்கு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் கொடுத்த சான்று வேண்டும். கேரவன் சாக்கெட்டுகளில் சுவிட்ச் இரண்டு முனையையும் துண்டிக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. வீட்டுச் சாக்கெட்டுபோல ஒரு முனை மட்டும் துண்டிப்பவை மாட்டிவரும் இறக்குமதி வண்டிகள் உண்டு. மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி இருக்கிறதா, சாதனங்களில் இந்நாட்டு விதிகளுக்கு உட்பட்டவை என்று காட்டும் ஆர்சிஎம் முத்திரை இருக்கிறதா பாருங்கள். அமெரிக்க வண்டி என்றால் 120 வோல்ட். ஏர்கண்டிஷனர் முதல் சார்ஜர் வரை மாற்ற வேண்டிவரும்.

லித்தியம் பேட்டரி கட்டிலுக்கு அடியில் திறந்தபடி இருந்தால், ஏஎஸ்/என்இசட்எஸ் 3001.2 தரநிலையின் 2022 பதிப்பு அதை ஏற்காது. வசிக்கும் பகுதியிலிருந்து மூடிப் பிரித்து, வெளியே காற்றுப் போகும்படி வைக்கச் சொல்கிறது.

12 வோல்ட் பக்கத்தில் பேட்டரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் வேண்டும். எல்லா வயரும் ஒரே நிறம், லேபிள் இல்லை என்றால், பின்னால் பழுது தேடுபவரின் ஒரு மணி நேரம் ஒரு நாளாகும். ஒவ்வொரு முனையையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். கிரிம்ப் (வயரோடு முனையை நசுக்கிப் பிடித்த இணைப்பு) சரியில்லாதது கையோடு வந்துவிடும். அங்கே வராவிட்டால் நெளிசாலையில் வரும். இங்கே "6 மி.மீ. ஆட்டோ வயர்" என்று விற்பதன் செம்புப் பரப்பு உண்மையில் சுமார் 4.6 சதுர மி.மீ.தான், அந்த 6 உறையோடு சேர்ந்த வெளி விட்டத்தைக் குறிப்பது. காரிலிருந்து ஆண்டர்சன் பிளக் (அதிக மின்னோட்டத்துக்கான இணைப்பான்) வழியே கேரவனின் பின்பகுதி வரை இந்த வயரில் ஓட்டினால், ஃபிரிட்ஜுக்குப் போதிய வோல்ட் போய்ச்சேராது. சதுர மி.மீ. எவ்வளவு என்று கேளுங்கள்.

கேஸ் வேலையில் நீங்கள் கைவைக்கக் கூடாது. உரிமம் பெற்ற கேஸ்ஃபிட்டரை வரவழையுங்கள். நீங்கள் பார்க்கக்கூடியவை: சிலிண்டர் பெட்டி வசிக்கும் பகுதியோடு இணைப்பில்லாமல் இருக்கிறதா, அதன் அடியில் கேஸ் வெளியேற ஓட்டை உண்டா, அடுப்பிலும் வெந்நீர்க் கருவியிலும் ஆஸ்திரேலியச் சான்று முத்திரை இருக்கிறதா, சிலிண்டரில் பொறித்த சோதனைத் தேதி 10 ஆண்டுக்குள்தானா. முத்திரை இல்லாத அடுப்புக்குக் கேஸ்ஃபிட்டர் சான்று தர மாட்டார். அடுப்பையே மாற்ற வேண்டும்.

நீங்களே நேரடியாக இறக்குமதி செய்வது

முதல் கேரவனுக்கு இது வேண்டாம். அனுமதியைக் கையில் வாங்காமல் கப்பலேற்றினால் வண்டி துறைமுகத்திலேயே நிற்கும். திருப்பி அனுப்பவோ அழிக்கவோ நேரலாம். ரோவர் என்ற அரசின் இணையவாயிலில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பழைய வண்டியென்றால் மண்ணோ விதையோ ஒட்டியிருக்கக் கூடாது. நாற்றப்பூச்சி அபாய நாடுகளிலிருந்து செப்டம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை அனுப்பும் சரக்குக்குத் தனிச் சிகிச்சை தேவை. 2003 டிசம்பர் 31 முதல் ஆஸ்பெஸ்டாஸ் இங்கே முழுத் தடை. பிரேக் லைனிங்கிலோ கேஸ்கட்டிலோ இருந்தால் சிக்கல். இவற்றோடு 10 சதவீத ஜிஎஸ்டி, பொதுவாக 5 சதவீதச் சுங்கவரி. சீனத் தயாரிப்புக்கு உரிய மூலச் சான்றிதழ் இருந்தால் சுங்கவரி விலகலாம்.

முன்பணமும் டெலிவரி நாளும்

புது வண்டிக்கு முன்பணம் 10 சதவீதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். முடிந்தால் கிரெடிட் கார்டில் கொடுங்கள், வண்டி வராவிட்டால் திரும்பக் கோர ஒரு வழி இருக்கும். "கண்டெய்னர் கிளம்பிவிட்டது, மிச்சத்தைக் கட்டுங்கள்" என்பார்கள். வண்டி உங்கள் கண்முன் நிற்கும்வரை, ஆர்ஏவி பதிவும் எடைச் சீட்டும் மின், கேஸ் சான்றுகளும் வரும்வரை மிச்சத்தைக் கட்ட வேண்டிய அவசரம் உங்களுக்கு இல்லை. இதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

டெலிவரி நாளில் அரை நாள் ஒதுக்குங்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, பம்பை ஓடவிட்டு, எல்லாக் குழாயையும் திறந்து மூடி, சிங்க் அடியில் காகிதத் துண்டை வைத்துவிடுங்கள். அரை மணி கழித்து எடுத்தால் சொட்டுக் கசிவும் தெரியும். ஏர்கண்டிஷனர், வெந்நீர், ஃபிரிட்ஜ் ஆகியவற்றை ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். பிரேக்அவே ஊசியை இழுத்துச் சக்கரம் பிடிக்கிறதா பாருங்கள். காரோடு இணைத்து 12 முனை பிளக்கில் ஒவ்வொரு விளக்கையும் சோதியுங்கள்.

முதல் 50 கிலோமீட்டரில் நிறுத்தி வீல் நட்டுகளை டார்க் ரென்ச்சால் சரிபாருங்கள், 100-இலும் மறுபடி. ஒவ்வொரு ஹப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் பேரிங் இறுகியிருக்கிறது அல்லது பிரேக் விடவில்லை. பிறகு பயணச் சாமான் முழுவதையும் ஏற்றி எடை மேடைக்குப் போங்கள். காரில் இணைத்தபடி கேரவன் சக்கரத்தை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு எடை. அது ஜிடிஎம்முக்குள் இருக்க வேண்டும். கழற்றி, ஜாக்கி வீலும் (கேரவனின் முன்முனையைத் தாங்கும் சிறு சக்கரம்) மேடையில் இருக்கும்படி இன்னொரு எடை, அது ஏடிஎம்முக்குள். வித்தியாசம் பால் வெயிட்.

நீண்ட பயணத்துக்கு முன், ஊருக்கு அருகிலேயே மண் சாலையில் ஒரு 300 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். திரும்பியதும் எல்லா அலமாரியையும் திறந்து, திருகு கழன்றது, கதவு இறங்கியது, வயர் உரசியது அனைத்தையும் படம் எடுத்து, அன்றைக்கே தேதியோடு மின்னஞ்சலில் இறக்குமதியாளருக்கு அனுப்புங்கள். தொலைபேசியில் மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். கோளாறு பெரியதென்றால், பணம் திரும்பவா, மாற்று வண்டியா, ரிப்பேரா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை சட்டப்படி வாங்கியவருக்கே, விற்றவருக்கு அல்ல. அதைக் கோரும்போது நாளும் படமும் உள்ள அந்த மின்னஞ்சல்தான் உங்கள் கையில் இருக்கும் சான்று.